அட்ரீனல் கட்டி அறுவையில் முப்பரிமாணக் காட்சி: ஒரு வரலாறு

மனித உடலில் இரு சிறுநீரகங்களின் உச்சியிலும் தொப்பி வைத்தாற்போல் அமர்ந்திருப்பவை அட்ரீனல் சுரப்பிகள். ஒன்றின் எடை நான்கைந்து கிராம்தான். இரத்த அழுத்தம், உப்புச் சமநிலை, அதிர்ச்சியைத் தாங்கும் ஆற்றல் ஆகிய மூன்றும் இவற்றைச் சார்ந்தே இருக்கின்றன. இவற்றில் கட்டி தோன்றினால் அதைக் கண்டுபிடிப்பதும் கடினம், வெட்டி எடுப்பதும் கடினம். முன்புறம் குடலும் இரைப்பையும் மறைக்கின்றன, மேலே விலா எலும்புகளும் உதரவிதானமும் இருக்கின்றன, பின்னால் தடித்த முதுகுத் தசை. வலப்பக்கச் சுரப்பி கல்லீரலுக்கு அடியிலும், இடப்பக்கச் சுரப்பி மண்ணீரலுக்கும் கணையத்தின் வால்பகுதிக்கும் பின்னாலும் ஒளிந்திருக்கிறது.

இன்று இக்கட்டிகளில் பெரும்பாலானவை மூன்று நான்கு சிறு துளைகள் வழியாக அகற்றப்படுகின்றன. இதற்கு நுண்துளை அறுவை, சாவித்துளை அறுவை, லேப்ராஸ்கோபி எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. துளை சிறிதானபோது மருத்துவரின் கை வெளியே நின்றுவிட்டது. கண்ணும் நேராக உள்ளே பார்ப்பதில்லை. தட்டையான ஒரு திரையைப் பார்க்கிறது. இப்படி இழந்த ஆழத்தை மீட்டெடுக்க நடந்த முயற்சிகளே இக்கட்டுரையின் பொருள்.

கண்ணுக்குத் தெரியாத கட்டி

16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய உடற்கூற்றியலாளர் பார்த்தலோமியோ யூஸ்டாக்கி இச்சுரப்பிகளை முதன்முதலில் விவரித்தார். அவை எதற்காக இருக்கின்றன என்பது ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் யாருக்கும் விளங்கவில்லை. 1855இல் இலண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன், இச்சுரப்பிகள் அழிந்துபோனவர்கள் மெலிந்து, தோல் கறுத்து, சோர்ந்து இறப்பதை எழுதினார். அவர் பார்த்த நோயாளிகள் பலருக்குச் சுரப்பியை அழித்தது காசநோய். இச்செய்தி இந்தியாவுக்கு இன்றும் பொருந்துவது. பின்னால் அதற்குத் திரும்புவோம். அடுத்த ஆண்டே பிரௌன்-செக்கார் விலங்குகளின் இரு சுரப்பிகளையும் அகற்றிப் பார்த்தார். அவை பிழைக்கவில்லை.

1886இல் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் பெலிக்ஸ் பிராங்கல், திடீரென இறந்த 18 வயதுப் பெண்ணின் உடலில் இரு பக்கமும் அட்ரீனல் கட்டிகள் இருந்ததைப் பதிவு செய்தார. ஃபியோகுரோமோசைட்டோமா என்று பின்னாளில் பெயர்பெற்ற கட்டியின் முதல் பதிவாக இது கருதப்படுகிறது. இக்கட்டி அட்ரினலினையும் அதன் இனத்தைச் சேர்ந்த சுரப்புகளையும் நேரங்காலமின்றி இரத்தத்தில் கொட்டும். தலைவலி மண்டையைப் பிளக்கும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடவென அடிக்கும், இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். சிறிது நேரத்தில் எல்லாம் அடங்கி, ஆள் இயல்பாகிவிடுவார். மருத்துவரிடம் போய்ச் சேரும்போது அழுத்தம் சரியாகவே இருக்கும். நம் ஊர்களில் இதைப் பித்தம் என்றோ, பயம் என்றோ, மனக்கவலை என்றோ சொல்லி ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவது எளிது.

இக்கட்டியை வெற்றிகரமாக அகற்றிய முதல் இரு அறுவைகளும் 1926இல் நடந்தன. ஒன்றைச் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் சேசர் ரூ செய்தார். மற்றொன்றை அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் சார்லஸ் மேயோ செய்தார். மேயோவின் நோயாளி ஒரு கன்னியாஸ்திரீ. வயிற்றைத் திறக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று மேயோவுக்குத் தெரியாது. தேடினார், கட்டி கிடைத்தது. நோயாளி பிழைத்தது இருவருக்கும் வாய்த்த நல்லூழ் என்றுதான் சொல்ல வேண்டும். ஏனெனில் இக்கட்டியைக் கையால் அழுத்தினாலே அதிலுள்ள சுரப்பு இரத்தத்தில் பாயும். அழுத்தம் வானளவு ஏறி மூளையிலோ இதயத்திலோ முடிந்துவிடும். அறுவைக்கு முன் பத்துப் பதினான்கு நாள் ஆல்ஃபா தடுப்பு மருந்துகள் கொடுத்து, உப்பும் நீரும் ஏற்றி, இரத்தக் குழாய்களைத் தளர்த்தி வைக்கும் வழக்கம் பிற்பாடுதான் நிலைபெற்றது. எந்தக் கருவியையும்விட அதிக உயிர்களைக் காத்தது இந்த மாத்திரைத் தயாரிப்பே என்பது என் கருத்து.

கட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமலேயே அடுத்த ஐம்பது ஆண்டுகளும் கழிந்தன. சாதாரண எக்ஸ்-கதிர்ப் படத்தில் அட்ரீனல் தெரியாது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1934இல் திறக்கப்பட்ட பர்னார்டு கதிரியல் நிலையம் அக்காலத்தில் ஆசியாவிலேயே பெயர்பெற்றது. அத்தகைய நிலையங்களிலும்கூட சுரப்பியைச் சுற்றுவழியில்தான் தேட முடிந்தது. சிறுநீரகம் கீழே தள்ளப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதுகுப் பக்கமாக வாயுவைச் செலுத்தி, அந்த வாயு வரையும் விளிம்பைப் படமெடுப்பார்கள். எதுவும் பயன்படாவிட்டால் வயிற்றை அகலமாகத் திறந்து இரு பக்கமும் கையை விட்டுத் தடவிப் பார்ப்பார்கள். கைதான் அன்றைய முப்பரிமாணக் கருவி.

துண்டு துண்டாகப் பார்த்து முழுதாக்குதல்

1971 அக்டோபர் 1 அன்று இலண்டன் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. இதுவே சி.டி. ஸ்கேனின் பிறப்பு. அவர் பணிபுரிந்த இ.எம்.ஐ. நிறுவனம் பீட்டில்ஸ் பாடகர்களின் இசைத்தட்டுகளை வெளியிட்டு வந்தது. அந்தப் பணத்தில்தான் ஸ்கேன் பிறந்தது என்ற கதை மாணவர்களுக்குப் பிடித்தமானது. ஆனால் ஆராய்ச்சிச் செலவில் பெரும்பகுதியைப் பிரிட்டிஷ் அரசின் சுகாதாரத் துறைதான் ஏற்றது. ஹவுன்ஸ்ஃபீல்டும் இதன் கணக்கியல் அடிப்படையைத் தனியே வகுத்திருந்த ஆலன் கார்மக்கும் 1979இல் நோபல் பரிசு பெற்றனர்.

தலையோடு நின்றிருந்த கருவி சில ஆண்டுகளிலேயே முழு உடலுக்கும் வந்தது. அட்ரீனலுக்கு அது விடுதலை. கொழுப்புக்கு நடுவே கிடக்கும் சுரப்பி, படத்தில் கறுப்புப் பின்னணியில் சாம்பல் நிறத் தலைகீழ் 'ஒய்' எழுத்தைப் போலத் தெளிவாகத் தெரிந்தது. 1989இல் சுருள்வழி சி.டி. வந்தபோது, நோயாளி ஒருமுறை மூச்சைப் பிடித்திருக்கும் நேரத்தில் வயிறு முழுவதையும் இடைவெளியின்றிப் படமெடுக்க முடிந்தது. இடைவெளி இல்லாத துண்டுகள் கிடைத்ததால்தான் அவற்றை அடுக்கி முழு உருவமாக்க இயன்றது.

அந்த அடுக்கும் வேலைக்கு எதிர்பாராத இடத்திலிருந்து உதவி வந்தது. இன்று அசைவூட்டப் படங்களுக்குப் புகழ்பெற்ற பிக்சார் நிறுவனம் 1980களில் படக் கணினிகளை விற்றுப் பிழைத்து வந்தது. மருத்துவமனைகளும் வாங்கும் என்று அது நம்பியது. 1988இல் அந்நிறுவனத்தின் டிரெபின், கார்ப்பென்டர், ஹன்ரஹான் ஆகியோர் வெளியிட்ட கட்டுரை, அடுக்குத் துண்டுகளிலிருந்து தோலும் எலும்பும் குழாய்களும் ஊடுருவித் தெரியும் கன உருவத்தை வரையும் முறையை விளக்கியது. இன்று நம் ஊர் ஸ்கேன் மையத்துத் திரையில் கதிரியலாளர் சுட்டியை நகர்த்திச் சிறுநீரகத்தைச் சுழற்றிக் காட்டுகிறாரே, அதன் மூதாதை இதுதான்.

ஸ்கேன் பெருகியதன் பக்கவிளைவு ஒன்று உண்டு. வேறு காரணத்துக்காக வயிற்றுப் படம் எடுப்போரில் நூற்றுக்கு நான்கைந்து பேருக்கு அட்ரீனலில் ஏதேனும் ஒரு கட்டி தற்செயலாகத் தெரிகிறது. இவற்றில் மிகப்பல தீங்கற்றவை. எதை எடுப்பது, எதை விடுவது என்ற கேள்விக்குப் படம் மட்டும் விடை தராது. சிறுநீரிலும் இரத்தத்திலும் சுரப்பு அளவைப் பார்த்தாக வேண்டும். இந்தியாவில் இன்னொரு பொறியும் இருக்கிறது. இரு பக்கமும் சுரப்பிகள் வீங்கியிருந்தால் அது காசநோயாகவோ பூஞ்சைத் தொற்றாகவோ இருக்கலாம். எவ்வளவு அழகான முப்பரிமாணப் படமானாலும் அதைக் கட்டி என்று எண்ணிக் கத்தியை எடுத்தால், மருந்தால் கவனிக்க வேண்டிய நோயாளி வாழ்நாள் முழுவதும் ஹார்மோன் மாத்திரையில் வாழ நேரும்.

துளை சிறிதான கதை

வயிற்றுக்குள் குழாயை விட்டுப் பார்ப்பது பழைய எண்ணம். 1901இல் கியோர்க் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றில் காற்றை நிரப்பி உள்ளே பார்த்துக் காட்டினார். 1910இல் ஸ்டாக்ஹோமில் யாக்கோபேயஸ் மனிதரிடம் இதைச் செய்தார். ஆனால் அக்குழாய்களில் காட்சி மங்கல். 1959இல் இங்கிலாந்தின் ஹெரால்டு ஹாப்கின்ஸ் கண்ணாடித் தண்டு வில்லைகளை உருவாக்கிய பிறகே தெளிவு பிறந்தது. இதே ஹாப்கின்ஸுடன் 1954இல் கண்ணாடி இழை வழியே படத்தைக் கடத்திக் காட்டியவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. வில்லை படத்தைக் கொண்டுவந்தது. கண்ணாடி இழை ஒளியைச் சூடின்றி உள்ளே கொண்டுபோனது.

1980களின் நடுப்பகுதி வரை மருத்துவர் ஒற்றைக் கண்ணைக் குழாயில் வைத்துக் குனிந்தே பார்த்தார். அருகில் நிற்கும் உதவியாளருக்கு எதுவும் தெரியாது. சிறிய வீடியோ கேமரா குழாயின் முனையில் பொருத்தப்பட்டதும் அறை முழுவதும் ஒரே காட்சியைப் பார்த்தது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து வேலைசெய்ய முடிந்தது. ஜெர்மனியில் எரிக் மூஹே 1985இலும், பிரான்சின் லியோனில் பிலிப் மூரே 1987இலும் துளை வழியே பித்தப்பையை அகற்றினர். மூஹேயை அவருடைய நாட்டு அறுவை மருத்துவர்களே அப்போது மதிக்கவில்லை. இந்தியாவில் 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் தெஹம்தன் உத்வாடியா இவ்வறுவையைச் செய்தார். அதற்கு முன்பே, 1970களிலிருந்து, நோயைக் கண்டறிய மட்டும் வயிற்று உள்நோக்கியைப் பயன்படுத்தி வந்தவர் அவர். தமிழகத்தில் கோயம்புத்தூர் இத்துறையின் மையமானது. அங்கே சி. பழனிவேலு உருவாக்கிய ஜெம் மருத்துவமனைக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மருத்துவர்கள் பயிற்சிக்கு வந்தனர். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து உணவுக்குழாய்ப் புற்றுநோயைத் துளை வழியே அகற்றும் முறை குறித்து 130 நோயாளிகளின் அனுபவத்தை 2006இல் அவருடைய குழு வெளியிட்டது.

அட்ரீனலுக்கு 1992 முக்கியமான ஆண்டு. கனடாவின் மான்ட்ரியலில் மிஷேல் காஞ்யே, நோயாளியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து வயிறு வழியாக அட்ரீனலை அகற்றியதை ஒரு கடிதமாக வெளியிட்டார். ஈர்ப்பு விசையே குடலையும் மண்ணீரலையும் விலக்கிவிடும் என்பது அவருடைய நுட்பம். முன்பு விலா எலும்புக்குக் கீழே நீண்ட வெட்டுடன் பல நாட்கள் படுத்திருந்த நோயாளி இப்போது ஓரிரு நாளில் எழுந்து நடந்தார்.

அதே ஆண்டில் மும்பையில் நடந்ததைப் பற்றி நம்மவர்கள் குறைவாகவே எழுதுகிறார்கள். பாம்பே மருத்துவமனையின் சிறுநீரியல் அறுவை மருத்துவர் டி.டி. கௌர் வயிற்றறைக்குள் போகாமலேயே முதுகுப்புறமாகச் சிறுநீரகத்தை அடைய விரும்பினார். அங்கே இயற்கையான வெற்றிடம் இல்லை, கொழுப்புதான் நிறைந்திருக்கிறது. வாயுவை மட்டும் செலுத்தினால் போதிய இடம் கிடைக்காது. அவர் ரப்பர் கையுறையின் ஒரு விரலை ஒரு ரப்பர்க் குழாயின் நுனியில் கட்டினார். சிறு வெட்டு வழியே உள்ளே விட்டு, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் குமிழால் ஊதினார். பலூன் விரிந்தது, கொழுப்பு விலகியது, வேலை செய்ய இடம் கிடைத்தது. 1992இல் அமெரிக்கச் சிறுநீரியல் இதழில் அது வெளியானது. அதன்பின் உலகெங்கும் பெரிய நிறுவனங்கள் இதே வேலைக்கு விலையுயர்ந்த பலூன்களைச் செய்து விற்றன. ஒருகாலத்தில் படமெடுப்பதற்காக மருத்துவர்கள் வாயு செலுத்திய அதே இடம் இப்போது அறுவை அறையாக மாறிற்று. ஜெர்மனியின் மார்ட்டின் வால்ஸ் 1990களின் நடுவிலிருந்து, நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து முதுகுவழியே அட்ரீனலை அகற்றும் முறையைச் செம்மைப்படுத்தினார். சிறிய கட்டிகளுக்கு இது இன்று பரவலாகப் பின்பற்றப்படுகிறது.

ஒரு சிரையின் நீளம்

இந்த அறுவையில் ஆழம் ஏன் இவ்வளவு முக்கியம்? வலது அட்ரீனலின் சிரை மிகக் குட்டை. ஒரு சென்டிமீட்டர் இருந்தாலே பெரிது. அது நேராகக் கீழ்ப்பெருஞ்சிரையின் பின்பக்கச் சுவரில் போய்ச் சேர்கிறது. உடலின் கீழ்ப்பாதி இரத்தம் முழுவதையும் இதயத்துக்கு எடுத்துச் செல்லும் குழாய் அது. கிளிப்பை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போட்டாலோ, கருவியின் நுனி சிரைக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று தப்புக் கணக்குப் போட்டாலோ, திரை நொடியில் சிவப்பாகிவிடும். இடப்பக்கம் இவ்வளவு கொடுமையில்லை. அங்கே சிரை நீளமானது, சிறுநீரகச் சிரையில் சாய்வாக இறங்குகிறது.

தட்டைத் திரையில் பழகிய மருத்துவர் நிழல், அசைவு, உறுப்பின் அளவு ஆகியவற்றை வைத்து ஆழத்தை ஊகிக்கிறார். பல ஆயிரம் அறுவைகள் செய்தவருக்கு இது இரண்டாம் இயல்பாகிவிடும். புதிதாகக் கற்பவருக்கு ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது போன்றது.

இரு கண்களும் சற்று வேறுபட்ட காட்சிகளைப் பார்ப்பதால்தான் ஆழம் புலப்படுகிறது என்பதைச் சார்லஸ் வீட்ஸ்டன் 1838இலேயே இரட்டைப் படக் கருவியால் நிறுவினார். கேரளத்தில் 1984இல் வெளியான 'மை டியர் குட்டிச்சாத்தான்' படத்தைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்தத் திரையரங்கத் தந்திரத்தை 1990களின் தொடக்கத்தில் வயிற்றுக்குள் கொண்டுபோனார்கள். மனிதக் கண்மணிகளுக்கு இடையே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் தூரம் இருக்கிறது. பத்து மில்லிமீட்டர் குழாய்க்குள் இரண்டு வில்லைப் பாதைகளை வைத்தால் இடையே சில மில்லிமீட்டர்தான் கிடைக்கும். எனவே பக்கத்தில் இருப்பதன் ஆழம் நன்றாகத் தெரியும், தள்ளியிருப்பதில் குறைந்துவிடும். அன்றைய கருவிகளில் வெளிச்சமும் குறைவு, படமும் மினுக்கியது, கண்ணாடியும் கனமாக இருந்தது.

1998இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஹன்னா, ஷிமி, குஷியேரி ஆகியோர் 60 பித்தப்பை அறுவைகளை இரு வகைத் திரைகளுக்கும் சரிபாதியாகப் பிரித்து ஒப்பிட்டு லான்செட் இதழில் வெளியிட்டனர். முப்பரிமாணத்தால் நேரம் மிச்சமாகவில்லை. கண்வலியும் தலைவலியும்தான் கூடின. இந்த முடிவால் பலர் முப்பரிமாணத்தைக் கைவிட்டனர். கைவிட்டது தவறு என்று இப்போது சொல்வது எளிது. ஆனால் அன்றிருந்த கருவியைப் பற்றி அந்த ஆய்வு சொன்னது உண்மையே.

கருவி மாறியது. ஒளிமுனைவாக்கம் செய்த மெல்லிய கண்ணாடிகளும், உயர்தெளிவுத் திரையும், குழாய் முனையிலேயே பொருத்திய இரட்டைச் சில்லுகளும் வந்தன. 2000இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டா வின்சி ரோபோவில் மருத்துவர் மேசைக்குள் தலையை வைத்து இரு கண்களாலும் பார்க்கிறார். அவருடைய மணிக்கட்டு அசைவைக் கருவியின் நுனி பின்பற்றுகிறது. 2019இல் வெளியான ஐரோப்பிய உள்நோக்கி அறுவை மருத்துவர் சங்கத்தின் ஒருமித்த அறிக்கை, முப்பரிமாணக் காட்சியால் அறுவை நேரம் குறைகிறது என்று ஏற்றது. தையல் போட வேண்டிய அறுவைகளில் அந்தப் பயன் தெளிவு. அட்ரீனலை எடுப்பதில் தையல் வேலை இல்லை. பிரிப்பதும் கட்டுவதும் வெட்டுவதும்தான். ஆகவே, அனுபவம் வாய்ந்த கைகளில் இலாபம் சில நிமிடங்களாகவே இருக்கக்கூடும். பயிற்சியில் இருப்பவருக்கும், பருமனான நோயாளிக்கும், வலப்பக்கப் பெரிய கட்டிக்கும் அது அதிகம். ஆறு சென்டிமீட்டரைத் தாண்டி, புற்றுநோய் என்ற ஐயமும் சுற்றியுள்ள உறுப்புகளில் ஊடுருவலும் இருந்தால் பழைய திறந்த அறுவையே பாதுகாப்பு.

தாமிரபரணிக் கரையில்

சேரன்மகாதேவி, பத்தமடை, வீரவநல்லூர்ப் பக்கத்தில் ஒருவருக்கு இளவயதிலேயே இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராமல் போனால், அவர் முதலில் போவது உள்ளூர் அரசு மருத்துவமனைக்கு. அங்கிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில், 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்டத்து மக்கள் 'ஹைகிரவுண்டுக்குப் போகணும்' என்றால் பெரிய நோய் என்று பொருள். பிரதம மந்திரி சுகாதாரப் பாதுகாப்புத் திட்டத்தில் கட்டப்பட்ட உயர்சிறப்பு மருத்துவப் பிரிவு, மதுரை, தஞ்சாவூர்ப் பிரிவுகளுடன் சேர்த்து 2019 ஜனவரியில் திறக்கப்பட்டது. நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கெனத் தனித் துறைகள் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் உள்ளன. செலவை ஈடுகட்ட 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் அதன் இடத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன.

ரோபோ கருவி தமிழக அரசு மருத்துவமனைக்கு வந்தது 2022இல். சென்னை ஓமந்தூரார் தோட்டத்துப் பன்னோக்கு மருத்துவமனையில் ஏறத்தாழ 35 கோடி ரூபாய்ச் செலவில் அதற்கான மையம் அமைந்தது. சட்டமன்றத்துக்கென்று கட்டிய கட்டடத்தில் இப்போது ரோபோ அறுவை செய்கிறது. கண்ணாடி மாட்டிப் பார்க்கும் முப்பரிமாண லேப்ராஸ்கோபி இதற்கு எவ்வளவோ மலிவு. மாவட்ட அளவில் ஆழக் காட்சி பரவ வேண்டுமானால் ரோபோவைவிட அந்த வழியே நடைமுறைக்கு உகந்ததாகத் தோன்றுகிறது.

ஆனால் ஆற்றங்கரை ஊர்களின் நோயாளிக்குத் தடை பெரும்பாலும் அறுவை அரங்கில் இல்லை. சி.டி. படம் இன்று திருநெல்வேலியில் எளிதில் கிடைக்கிறது. ஃபியோகுரோமோசைட்டோமாவை உறுதிசெய்யும் மெட்டாநெஃப்ரின் சோதனைக்கோ மாதிரியைப் பெரும்பாலும் பெருநகர ஆய்வகங்களுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. அதைக் கேட்டு எழுதும் மருத்துவர் ஒருவர் முதலில் சந்தேகப்பட வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்களில் இக்கட்டி இருப்போர் ஆயிரத்தில் ஒரு சிலரே என்பதால் அந்தச் சந்தேகம் எளிதில் எழுவதில்லை. வேறு ஏதோ அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது அழுத்தம் எகிறி, அப்போதுதான் கட்டி இருப்பதே தெரியவருவதும் உண்டு. தலைவலி, வியர்வை, படபடப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து விட்டுவிட்டு வருகிறதா என்று கேட்பதற்குச் செலவில்லை. அழுத்தம் ஏறியிருக்கும் அந்தச் சில நிமிடங்களிலேயே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அளந்து எழுதி வாங்கிக்கொண்டால், ஹைகிரவுண்டில் அடுத்த கேள்வி சரியான இடத்தில் தொடங்கும்.